தவக்காலமும் நாவின் நோன்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழா தவக்காலத்தில் நிகழ்வதால், ‘தவக்காலத்தில் இறையணுக்கம்’ என்னும் பொருள்பற்றி நான் பேச வேண்டும் எனச் செயலாளர் பணித்தார். நான் இறையியல் கற்றவன் அல்லன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே மறையுரை ஆற்ற எனக்குத் தகுதியில்லை. இந்த நாற்பது நாளைப் பற்றி ஒரு தமிழாசிரியன் அறிந்ததையும், இவ்வட்டத்தின் உறுப்பினன் என்ற முறையில் உங்கள்முன் சொல்லக் கடமைப்பட்ட ஒரு செய்தியையும் கூறி அமர்வேன்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். இக்காலத்தை ஆங்கிலத்தில் ‘லெந்து’ என்பர். அது வசந்தத்தைக் குறித்த ஒரு பழஞ்சொல்லின் வழி வந்தது. இலத்தீன் மொழியில் இதன் பெயர் ‘நாற்பதாவது’ என்றே பொருள்படும். ஒன்று பருவத்தைச் சொல்கிறது. மற்றொன்று எண்ணைச் சொல்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் தம் முன்னோரிடம் ஏற்கெனவே இருந்த சொல்லை எடுத்துத் தவக்காலம் என்றனர். அதன் தொடக்க நாளில், முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலை நெற்றியில் பூசி, மனிதன் மண்ணே என்று நினைவூட்டுவர். அந்நாளை எங்கள் பாட்டி விபூதிப் புதன் என்றார். இன்று திருநீற்றுப் புதன் என்கிறோம். ஒருவேளை உணவோடு நிற்பது ஒருசந்தி. புலால் தவிர்ப்பது சுத்தபோசனம். சைவரும் வைணவரும் வீட்டில் வழங்கும் சொற்களோடு இவை எவ்வளவு நெருங்கிய உறவுடையவை என்பதை இவ்வவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாற்பது என்னும் கணக்கும் சுவையானது. திருநீற்றுப் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய சனிவரை எண்ணினால் 46 நாள் வரும். இடையே உள்ள ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் ஆதலின் அன்று நோன்பு இல்லை. மோசே சீனாய் மலையில் இருந்ததும், எலியா ஓரேபு மலை நோக்கி நடந்ததும், இயேசு பாலைநிலத்தில் நோன்பிருந்ததும் நாற்பது நாள் என்பது விவிலியம் தரும் செய்தி. மூவருமே மக்கள் கூட்டத்தை விட்டு விலகி, பேச்சு ஓய்ந்த இடத்திற்குச் சென்றவர்கள் என்பதை மட்டும் இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

நான் பிறந்த தென்பாண்டிச் சிற்றூரில் தவக்காலம் கண்ணாலும் காதாலும் உணரும்படி வரும். கோவில் பீடத்தில் பூ இராது. பிற்பகுதியில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். ஊரில் திருமணம் நடவாது. என் தாயார் நாள்தோறும் உலையில் அரிசி இடுமுன் ஒரு கைப்பிடி அள்ளித் தனிப்பானையில் போடுவார். புனித வாரத்தில் அப்பானை தெருக்கோடியில் தனித்திருந்த ஒரு மூதாட்டியின் வீட்டுக்குப் போகும். கொண்டுபோவது என் வேலை. “திண்ணையில வச்சிட்டு வந்திடு, நின்னு பேசாத” என்பார். ஏன் பேசக்கூடாது என்று அன்று எனக்கு விளங்கவில்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்னும் நற்செய்திப் பகுதி திருநீற்றுப் புதனன்று வாசிக்கப்படுவதைப் பின்னாளில் கவனித்தபோதுதான் விளங்கியது. எழுத்தறியாத என் தாயார் அதைப் பானையில் எழுதி வைத்திருந்தார்.

இனிக் கவிஞர்களாகிய உங்களுக்கென்றே ஒரு செய்தி. தவக்காலம் தொடங்கியதும் திருச்சபை ஒரு சொல்லை வழிபாட்டிலிருந்து எடுத்துவிடுகிறது. அது ‘அல்லேலூயா’ என்னும் சொல். ‘இறைவனைப் போற்றுங்கள்’ என்பது அதன் பொருள். ஆண்டு முழுவதும் நற்செய்திக்கு முன் பாடப்படும் அச்சொல், தவக்காலத்தில் ஒருமுறைகூட ஒலிக்காது. உயிர்ப்புப் பெருவிழாவின் முன்னிரவுத் திருவழிபாட்டில்தான் அது மீண்டும் வரும். இறுதி மூன்று நாளில் மணியும் ஓய்ந்துவிடும். எங்கள் ஊரில் அப்போது மரக்கட்டையைத் தட்டித்தான் மக்களை அழைப்பார்கள்.

சோற்றை விடும் நோன்பு பல சமயங்களிலும் உண்டு. தன்னிடம் உள்ளவற்றுள் மிக மகிழ்ச்சியான சொல்லை, அதுவும் இறைவனைப் புகழும் சொல்லையே, விட்டுவிட்டு நோன்பிருக்கும் இம்முறையை எண்ணுந்தோறும் நான் வியக்கிறேன். நல்ல சொல்லுக்கும் ஓய்வு வேண்டும். சொல்லிச் சொல்லி நாவுக்குப் பழகிப்போன புகழ்ச்சியை நிறுத்தினால்தான் அதன் பொருள் நெஞ்சுக்குத் திரும்பும் என்று யாரோ ஒரு முன்னோர் உணர்ந்திருக்க வேண்டும்.

இந்நேரத்தில் வீரமாமுனிவரை நினைக்கிறேன். 1680இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதுக்குப் பின் தமிழகம் வந்து தமிழ் பயின்றவர், 36 படலங்களில் 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியைத் தந்தார். அதன் தலைவர் வளன் எனப்படும் சூசை. நான்கு நற்செய்திகளையும் தேடிப் பாருங்கள். சூசை பேசியதாக ஒரு சொல்கூட அவற்றில் இல்லை. கனவில் கேட்கிறார், எழுகிறார், செய்கிறார், அவ்வளவே. ஒரு சொல்லும் பேசாத மனிதரைத் தலைவராகக் கொண்டு தமிழில் ஒரு காப்பியம் எழுந்தது. சூசையின் திருவிழாவாகிய மார்ச் 19 தவக்காலத்திற்குள்ளேயே வரும் என்பதும் எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. அதே முனிவர்தான் பரமார்த்த குரு கதையும் எழுதினார். மரியன்னையின் துயரைப் பாடும் அன்னை அழுங்கல் அந்தாதியும் இயற்றினார். சிரிக்கவைக்கும் சொல்லும் அழவைக்கும் சொல்லும் ஒரே நாவில் இருக்கலாம். எதை, எப்போது, யார்முன் சொல்வது என்பதில்தான் அறம் இருக்கிறது. இதை நான் நூலில் கற்றேன், வாழ்வில் தவறினேன். அந்தத் தவற்றைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

நம் வட்டத்தின் மூன்றாம் ஆண்டு விழாக் கவியரங்கம் உங்களுள் பலருக்கு நினைவிருக்கலாம். தலைமை ஏற்றவன் அடியேன். அன்று இளைஞர் ஒருவர், ஒரு பஞ்சுக்கடையில் கணக்கெழுதுபவர், தம் தந்தையாரைப் பற்றி ஐந்து வெண்பாக்கள் பாடினார். தந்தையார் மறைந்து இரண்டு திங்களே ஆகியிருந்தன. மூன்றாம் வெண்பாவில் தளை தட்டியது. வெண்பாவில் வரலாகாத கனிச்சீர் ஒன்று வந்து புகுந்திருந்தது. தலைவன் என்ற முறையில் அதை நான் தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாம். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. அவை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. “தளை தட்டிய இந்த வெண்பாவைக் கேட்டிருந்தால் தந்தையார் இரண்டாம் முறையும் இறந்திருப்பார்” என்றேன். அரங்கம் அதிரச் சிரித்தது. அந்த இளைஞரும் சிரித்தார். மீதி இரண்டு வெண்பாக்களையும் படித்துவிட்டு அமர்ந்தார். அடுத்த திங்கள் அவர் வரவில்லை. அதன்பின் வரவேயில்லை.

அவர் வராததை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கவனித்தேன். வேலை மிகுதியாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நகைச்சுவையை நண்பர்கள் சிலகாலம் நினைவுகூர்ந்து பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன். நாவினால் உண்டாகும் காயம் ஆறாது என்று வள்ளுவர் அடக்கமுடைமையில் சொன்னதை முப்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். மாணவர்களைக் கரும்பலகையில் எழுதவைத்தவனும் நானே.

இதற்கிடையே தவக்காலங்கள் வந்தன, போயின. ஒருசந்தி இருந்தேன். வெள்ளிதோறும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் முழந்தாளிட்டுக் கடந்தேன். இறைவனை அணுகுவதாகவே எண்ணினேன். ஆனால் உள்ளே ஒரு வறட்சி இருந்தது. செபம் செய்யும்போது சுவரைப் பார்த்துப் பேசுவது போலிருந்தது. முதுமையின் தளர்ச்சி என்று அதற்கும் ஒரு சமாதானம் கண்டேன்.

சென்ற ஆண்டுத் தவக்காலத்தின் முதல் வாரம், வெள்ளிக்கிழமை. அன்றைக்குரிய நற்செய்தி ஆண்டுதோறும் ஒன்றேதான். பீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுற்றால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. முதலில் அவனோடு நல்லுறவு கொள். பிறகு வா என்பது அதன் கருத்து. எத்தனையோ முறை கேட்ட பகுதி. அன்று அதன் வாசகத்தை ஒரு தமிழாசிரியனாகக் கவனித்தேன். உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அது சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால் என்கிறது. என் நெஞ்சில் பகை இல்லை என்பதால் நான் தூயவன் ஆகிவிட மாட்டேன். நான் மறந்துவிட்டேன், அவன் மறந்தானா என்பதே கேள்வி.

முன்னாளில் பாவசங்கீர்த்தனம் என்று அழைத்த ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் சென்று இதை அறிக்கையிட்டேன். குருவானவர் கேட்டார்: “இதை என்னிடம் சொல்லிவிட்டீர்கள். அவரிடம் எப்போது சொல்வீர்கள்?”

ஒரு வாரம் தயங்கினேன். எப்படித் தொடங்குவது, எந்தச் சொல்லில் முடிப்பது என்று எண்ணி எண்ணி நான்கு வாக்கியங்களை மனத்தில் அமைத்துக்கொண்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அவற்றுள் எதுகையும் விழுந்திருந்தது. அடுத்த வெள்ளி மாலை சிலுவைப்பாதை முடிந்து, பேருந்து நிலையத்தின் பின்புறம் இருந்த அவர் வீட்டைத் தேடிச் சென்றேன். அவருடைய சிறுமகள் கதவைத் திறந்தாள். அவர் எழுந்து வந்து, “வாங்க ஐயா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். என் முதல் வாக்கியம் பாதி வந்ததும் அவர் தடுத்தார்.

“அது எனக்குப் பெரிசா வலிக்கலைங்க ஐயா. அம்மாவைக் கூட்டிட்டு வந்திருந்தேன். முன்வரிசையில உக்காந்திருந்தாங்க” என்றார்.

அரங்கம் சிரித்தபோது அந்த அம்மையார் எதற்கென்று அறியாமல் மகனிடம் பின்னர் கேட்டிருக்கிறார். மகன் சொல்லவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். கைம்மை நோன்பின் இரண்டாம் திங்களில், கணவரைப் பற்றிய பாட்டைக் கேட்க முதன்முதலாக வெளியே வந்த ஒரு பெண்ணின் முன்னால் நான் அச்சொல்லைச் சொல்லியிருக்கிறேன். “அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுறேன்” என்று எழப்போனேன். “அம்மா போன வருசம் தவறிட்டாங்க” என்றார்.

நான்கு வாக்கியங்களும் எங்கே போயின என்று தெரியவில்லை. அமர்ந்திருந்தேன். அவர் மகள் காப்பி கொண்டுவந்தாள். ஒருசந்தி நாள், ஆயினும் அந்தக் காப்பியை மறுக்கும் தகுதி எனக்கு இல்லை என்று குடித்தேன். புறப்படும்போது அந்த வெண்பாவை ஒருமுறை காட்ட முடியுமா என்று கேட்டேன். பழைய கணக்கேட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததைப் படியெடுத்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்து படித்தேன். இன்னொரு முறையும் படித்தேன். தளை தட்டிய இடத்தில் தந்தையாரின் பெயர் நின்றது. அப்பெயர் கனிச்சீராக அமைந்த பெயர். வகையுளியாகப் பிரித்து அடுத்த சீரோடு சேர்த்திருக்கலாம். அல்லது ‘எந்தை’ என்று மாற்றியிருக்கலாம். இரண்டும் அவர் அறியாதவை அல்ல. மற்ற நான்கு வெண்பாக்களும் பிழையற்றவை. தாயார் முன்வரிசையில் இருந்து கேட்கப்போகிறார் என்பதால், தந்தையின் பெயரைப் பிளக்கவும் மனமில்லாமல், மாற்றவும் மனமில்லாமல், இலக்கணத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார். நான் பிழையைக் கேட்டேன், பெயரைக் கேட்கவில்லை.

அன்பர்களே, இந்நிகழ்ச்சியைச் சொல்ல அவர் இசைவு தந்தார். பெயர் சொல்லலாகாது என்றும் கேட்டுக்கொண்டார். அவர் என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அதுவும் நான் பெறும் பரிசாகிவிடும். அவர் இன்னும் வட்டத்திற்குத் திரும்பவில்லை. மீண்டும் எழுதுகிறாரா என்பதும் எனக்குத் தெரியாது. அந்த அம்மையாரிடம் நான் சொல்ல வேண்டிய சொல் இனி என்றும் என்னிடமே இருக்கும்.

இதில் இறையணுக்கம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். தவக்கால வாசகங்களுள் ஊதாரி மகன் உவமையும் ஒன்று. அந்த மகன் தொலைவில் இருந்தபோதே தந்தையிடம் சொல்ல ஓர் உரையைத் தயாரித்துக்கொள்கிறான். பாவம் செய்தேன், மகன் எனப்படத் தகுதியில்லை, கூலியாளாக வைத்துக்கொள்ளும் என்று மூன்று பகுதிகள் அதில் உண்டு. தந்தை ஓடிவந்து தழுவுகிறார். மகன் முதல் இரண்டு பகுதிகளைச் சொல்கிறான். மூன்றாவது வெளிவருமுன் தந்தை ஆட்களை அழைத்து ஆடை கொண்டுவரச் சொல்கிறார். தயாரித்த உரை முடியவேயில்லை. நாம் அடுக்கிவைத்த சொற்கள் முடியாத இடத்தில்தான் இறைவன் நம்மை எதிர்கொள்கிறார் என்று அன்றிரவு எனக்குப் பட்டது. அந்த வீட்டில் நான் பேச்சற்று அமர்ந்திருந்த சில நிமிடங்களைப்போல் ஒரு செபம் என் வாழ்வில் நான் செய்ததில்லை.

கிருஷ்ணபிள்ளை (1827–1900) தம் இரட்சணிய யாத்திரிகத்தில், சான் பனியனின் பயணக் கதையைத் தமிழ்க் காப்பியமாக்கியதோடு நில்லாமல், இயேசுவின் பாடுகளையும் ஒரு படலமாக விரித்தார். பழி சுமத்தியவர்முன் இயேசு மறுமொழி கூறாது நின்ற அமைதியை நற்செய்திகள் வியப்போடு பதிவு செய்கின்றன. வெல்லும் சொல் வாயில் இருந்தும் சொல்லாமல் நின்றவர் அவர். வெல்லும் சொல் கிடைத்த நொடியிலேயே அதைச் சொல்லிவிட்டவன் நான். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த தொலைவு, ஆறாண்டுக் காலமாக நான் செபத்தில் உணர்ந்த வறட்சியின் தொலைவே என்று இப்போது அறிகிறேன்.

எசாயா இறைவாக்கினர், தலையைத் தாழ்த்திச் சாக்குடையில் அமர்வதையா நோன்பு என்கிறீர்கள் என்று கேட்டு, பசித்தவனுக்கு உணவைப் பகிர்வதையும், சுட்டுவிரல் நீட்டுவதையும் பொல்லாத பேச்சையும் விடுவதையும் நோன்பாகக் காட்டுகிறார். வள்ளுவரும் தவம் என்னும் அதிகாரத்தை, தன் துன்பத்தைப் பொறுத்தலையும் பிறவுயிர்க்குத் தீங்கு செய்யாமையையுமே தவத்தின் வடிவாகச் சொல்லித் தொடங்குகிறார். இறைவனை நோக்கி நாம் நடக்கும் வழி, நம்மால் காயம்பட்ட மனிதரின் வாசல் வழியாகவே செல்கிறது. வேறு குறுக்குவழி இருப்பதாக நான் அறியேன்.

சென்ற ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின் முன்னிரவில், நாற்பது நாள் மூடிக்கிடந்த அச்சொல் மீண்டும் கோவிலில் எழுந்தது. எல்லாரும் உரக்கப் பாடினார்கள். நான் மெல்லப் பாடினேன். இந்தச் சொல்லைச் சொல்லத் தக்க நாவா இது என்ற அச்சம் இருந்தது. அந்த அச்சத்தில் நான் தனியாக இல்லை என்ற உணர்வும் இருந்தது. இறையணுக்கம் பற்றி என்னால் கூறமுடிந்த சாட்சி இவ்வளவே.

பத்தாண்டு நிறைவில் வட்டத்திடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். நாம் தளை பார்க்க வேண்டும், பிழை சுட்ட வேண்டும், அதற்காகவே கூடுகிறோம். ஆனால் குறை சொல்லுமுன் அக்கவிதையை இரண்டாம் முறை வாசிப்போம். இளங்கவிஞரின் குறையை அவையில் நகையாக்காமல், தனியே அழைத்துச் சொல்வோம். வராமல் நின்றுவிட்டவர்களின் பெயர்களை நம் பழைய வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பார்ப்போம். பத்தாண்டில் அவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நம்முள் ஒருவர் இத்திங்களுக்குள் போய்வர வேண்டும். உரை எதுவும் தயாரித்துக்கொள்ள வேண்டியதில்லை.

அந்த அம்மையாரிடம் சொல்ல முடியாத சொல்லை, அவர் அமர்ந்திருந்த அதே முன்வரிசையைப் பார்த்து, உங்கள் அனைவர் முன்னிலையிலும் இன்று சொல்லிவிடுகிறேன். அம்மா, பிழை என்னுடையது, பொறுத்தருள்க.